மேசை மேல் காத்ர் ப்ரா: நெப்போலியன் காலப் போரைச் சிறு சிப்பாய்களுடன் ஆடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் குனிந்து பார்ப்பார்கள். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். பல வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சலித்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு போரைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: 1815 ஜூன் 16 அன்று இன்றைய பெல்ஜியத்தில் காத்ர் ப்ரா என்ற சாலைச் சந்திப்பில், நெப்போலியனின் பிரெஞ்சுப் படைக்கும் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனின் பலநாட்டு நேசப்படைக்கும் இடையே நடந்தது. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முந்தியது.

பொம்மைச் சிப்பாய் வச்சு விளையாடுறதுக்கு இவ்வளவு பில்டப்பா?

பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இதன் முன்னோடி சிறுவர்களுக்காக உண்டானது அல்ல. ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யத் (பிரஷ்யா அன்றைய ஜெர்மானிய அரசு ஒன்று) தந்தையும் மகனும் உருவாக்கிய 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் ஆட்டத்தை 1824ல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. அதில் சிப்பாய் உருவங்கள் கிடையாது. வரைபடத்தின் மேல் சிறு கட்டைகள், பகடை, நடுவில் ஒரு நடுவர், அவ்வளவுதான்.

அதை ஏற்றுக்கொண்டவர் பிரஷ்ய ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் முஃப்லிங். இதே முஃப்லிங்தான் 1815ல் வெல்லிங்டனுக்குப் பக்கத்திலேயே பிரஷ்யப் படையின் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். நாம் இன்று மேசையில் ஆடும் அந்த மூன்று நாட்களை நேரில் கண்டவர், அந்த ஆட்டத்தின் அருமையைப் புரிந்துகொண்டதில் எனக்கு வியப்பில்லை.

செஸ் எனக்கு நல்லா தெரியும். கிட்டத்தட்ட அதேதானே?

யானை, குதிரை, தேர், காலாள் என்று நாற்படை அங்கேயும் உண்டு என்பதால் தூரத்து உறவு என்று சொல்லலாம். வேறுபாடு இரண்டு. சதுரங்கத்தில் குதிரையை நகர்த்தினால் நகரும். 'இன்றைக்கு வேண்டாம், களைப்பாக இருக்கிறது' என்று நிற்காது. இங்கே நிற்கும். இரண்டாவது, சதுரங்கத்தில் எதிராளியின் காய்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். நிஜப் போரில் தளபதிக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது அதிகம். அந்தத் தெரியாமையை மேசைக்குக் கொண்டு வருவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். சிப்பாயின் பித்தான் நிறம் சரியாக இருந்து, இது இல்லாமல் போனால், அது பொம்மைக் கொலு.

நெப்போலியன்னா வாட்டர்லூதானே? பேரே வாயில நுழையாத ஊர் எதுக்கு?

வாட்டர்லூவில் நெப்போலியன் பக்கம் சுமார் 72,000 பேர், வெல்லிங்டன் பக்கம் சுமார் 68,000 பேர், பிற்பகலிலிருந்து வந்து சேர்ந்த பிரஷ்யர்கள் ஏறக்குறைய 50,000 பேர். அத்தனையும் சில கிலோமீட்டர் அகலத்தில் நெருக்கியடித்து நின்றன. புதிதாக வருகிறவர்கள் அதை மேசையில் வைத்தால் முதல் மூன்று மணி நேரம் அடுக்குவதிலேயே போய்விடும். அனுபவித்துச் சொல்கிறேன்.

காத்ர் ப்ரா அப்படியல்ல. பிரஸ்ஸல்ஸ்–ஷார்ல்ருவா சாலையும் நிவெல்–நாமூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. பெயருக்குப் பொருளே 'நான்கு கைகள்', நம் ஊரில் நாற்சந்தி என்போம். பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே நேசப்படையினர் சுமார் 8,000 பேரும் 16 பீரங்கிகளும்தான். எதிரே நெப்போலியனின் தளபதி மார்ஷல் நெய்யிடம் இரண்டு மடங்குக்கு மேல் ஆள். பிறகு சாலை வழியாகப் படை படையாக வந்து சேர, இரவுக்குள் நேசப்படை சுமார் 36,000 ஆகிவிட்டது. ஆட்டக்காரருக்கு இது பெரிய வசதி: கொஞ்சம் சிப்பாயோடு தொடங்கலாம், விதிகள் பிடிபடப் பிடிபட மேசையில் கூட்டம் சேரும். முதல் பாதியில் ஒருவர் தவிப்பார், இரண்டாம் பாதியில் மற்றவர் தவிப்பார்.

மொத்தம் எத்தனை சிப்பாய் வாங்கணும்?

ஒரு சிப்பாய்க்கு ஒரு பொம்மை என்று யாரும் வைப்பதில்லை. ஒரு பொம்மை 20 பேர், 33 பேர், 50 பேர் என்று விதிப்புத்தகத்துக்குத் தக்கபடி கணக்கு மாறும். இரண்டு மணி நிலவரத்தில் இரு பக்கமும் சேர்த்து 26,000 பேர் என்று வையுங்கள். ஒன்றுக்கு 50 என்றால் 520 பொம்மை. ஒன்றுக்கு 20 என்றால் 1,300. இரவுவரை வரும் எல்லோரையும் சேர்த்தால் இதைப் போல இரண்டு மடங்கு.

பயப்பட வேண்டாம். முழுப் போரும் முதல் நாளே வேண்டியதில்லை. பிக்டன் என்ற தளபதியின் டிவிஷனில் இரண்டு பிரிட்டிஷ் பிரிகேடுகள், அதாவது 8 பட்டாலியன்கள் (பட்டாலியன் என்பது சில நூறு காலாட்கள் கொண்ட பிரிவு; சில பட்டாலியன் சேர்ந்தது பிரிகேடு, சில பிரிகேடு சேர்ந்தது டிவிஷன்). எதிரே பாஷ்லூ என்ற தளபதியின் பிரெஞ்சு டிவிஷன், கொஞ்சம் ஈட்டிக் குதிரைப்படை, இரண்டு பீரங்கி அணி. இந்தத் துண்டு மட்டுமே ஒரு ஞாயிறு பிற்பகலுக்குப் போதும். மறு கோடியில், 2019ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வாட்டர்லூவை 20,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளோடு ஆடியிருக்கிறார்கள். அது திருவிழா, நம் வீட்டுச் சமாசாரம் இல்லை.

28 மில்லிமீட்டர் வாங்கவா, 6 மில்லிமீட்டர் வாங்கவா? கடைக்காரர் 28 தான் அழகுன்னு சொல்றாரு.

அழகு என்பது உண்மை. 28 மி.மீ. உயரச் சிப்பாயின் மீசை தெரியும். ஆனால் முதலில் மேசையை அளந்து பாருங்கள். ஆறடிக்கு நாலடி மேசையில் ஒரு சென்டிமீட்டர் 20 மீட்டர் என்று வைத்தால் 3.6 கிலோமீட்டர் அகலமும் 2.4 கிலோமீட்டர் ஆழமும் கிடைக்கும். காத்ர் ப்ராவின் முக்கியமான இடமெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது 500 பேர் கொண்ட ஒரு பிரெஞ்சு பட்டாலியன் மூன்று அடுக்காகக் கிடைவரிசையில் நின்றால் ஏறக்குறைய 100 மீட்டர். மேசையில் அது ஐந்தே சென்டிமீட்டர்! அந்த இடத்தில் 28 மி.மீ. சிப்பாய் மூன்று பேர் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். பட்டாலியன் மாதிரியே இருக்காது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருக்கும். 6 மி.மீ. என்றால் இருபது, இருபத்தைந்து பேரை இரண்டு வரிசையாக ஒட்டலாம். தூரத்திலிருந்து பார்க்க நிஜமாகவே படை நகர்வது போலத் தெரியும். ஆகவே போர் முழுவதும் வேண்டுமென்றால் 6 அல்லது 10. ஒரு பண்ணை வீட்டுச் சண்டை மட்டும் போதுமென்றால் 28. நடுவில் பிளாஸ்டிக்கில் வரும் 1/72 அளவும் உண்டு. செலவு குறைவு, ஆனால் வளையும் பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரியும்.

அத்தனைக்கும் பெயின்ட் அடிக்கணுமா? எனக்குக் கை நடுங்கும்.

6 மி.மீ.க்குக் கை நடுங்கினால் தப்பில்லை. கருப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, கோட்டுக்கு ஒரு நிறம், காற்சட்டைக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு புள்ளி, துப்பாக்கிக்கு ஒரு கோடு. முடிந்தது. ஒவ்வொரு பொம்மையாக முடிக்கப் பார்க்காதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியில் வரிசையாக ஒட்டி, இருபது பேருக்கும் ஒரே நிறத்தை அடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். கடைசியில் மேட் வார்னிஷ் மறக்கக் கூடாது. விரல் எண்ணெய் பட்டு முதலில் போவது தொப்பியின் நிறம்தான்.

என் முதல் பிரெஞ்சு பட்டாலியனுக்கு மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன். ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பனியில் நனைந்த மாதிரி இன்றும் அப்படியே நிற்கிறார்கள்; ரஷ்யாவிலிருந்து திரும்பியவர்கள் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

நீலச் சட்டை பிரெஞ்சு, சிவப்புச் சட்டை இங்கிலீஷ். சரிதானே?

அதோடு நின்றால் பாதிப் படையைத் தப்பாக அடிப்பீர்கள். வெல்லிங்டன் படையில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்குதான். டச்சு, பெல்ஜியக் காலாட்படை நீலத்தில் இருந்தது. நாசாவ் படை பச்சை. ப்ரன்ஸ்விக் படை கருப்பு; அதன் கோமகன் அன்று காத்ர் ப்ராவிலேயே சுடப்பட்டு இறந்தார். ஹானோவர்காரர்கள் பெரும்பாலும் சிவப்பு.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. பெல்ஜிய இலகுக் குதிரைப்படை ஒன்றின் பச்சைச் சீருடை பிரெஞ்சுக் குதிரைப்படையின் உடை போலவே இருந்ததால், அது பின்வாங்கி வந்தபோது நேசப்படையின் காலாட்களே அதன் மேல் சுட்டுவிட்டார்கள். யாராவது உங்கள் மேசையில் 'இது எந்தப் பக்கத்துப் படை?' என்று கேட்டால் வெட்கப்பட வேண்டாம்.

வயல், காடு, பண்ணை எல்லாம் மேசையில எப்படி கொண்டு வர்றது?

மேற்கே போஸ்யூ காடு, நடுவே ஜெமியோங்கூர் பண்ணை, கிழக்கே பிரோமோன் ஊர், வடக்கே நாற்சந்தி. இந்த நான்கும் போதும். மேட்டுக்குத் தெர்மாகோலைத் துணிக்கு அடியில் வையுங்கள்; மேலே ஒட்டினால் படி மாதிரி தெரியும், சிப்பாயும் சரிவார். காட்டுக்கு ஒரு பச்சைத் துணியை வெட்டிப் போட்டு அதன் மேல் நாலு மரம். மரத்தைத் தள்ளிவிட்டுப் படை வைக்கலாம், எல்லை துணியில் இருக்கும்.

முக்கியமானது பயிர். அந்த ஜூனில் ரை என்ற தானியப் பயிர் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. உள்ளே நிற்கும் படை வெளியே தெரியாது, உள்ளிருப்பவருக்கும் எதிரே வருவது தெரியாது. இதற்கு நம்மிடம் இருக்கும் அருமையான பொருள் வாசலில் கிடக்கும் தென்னை நார் மிதியடி. கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி வைத்தால் விளைந்த வயல் அப்படியே வந்துவிடும். அளவுக் கணக்குப்படி உயரம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மாற்ற மனம் வரவில்லை.

திறமை இருந்தா போதாதா, பகடை எதுக்கு? நெப்போலியன் என்ன தாயமா உருட்டினார்?

அந்தக் கால மஸ்கெட் துப்பாக்கியைப் பாருங்கள். நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடலாம். 100 மீட்டருக்கு அப்பால் குறி என்பதெல்லாம் பெயருக்குத்தான். மழை பெய்தால் மருந்து நனையும், புகை சூழ்ந்தால் எதிரே யார் என்று தெரியாது. ஒரு பட்டாலியன் ஒரு முறை சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்று எந்தத் தளபதியாலும் சொல்லியிருக்க முடியாது. அந்த 'சொல்ல முடியாது' என்பதைத்தான் பகடை செய்கிறது.

நல்ல விதிகளில் பகடை சாவை மட்டும் கணக்கிடாது. மன உறுதியையும் சோதிக்கும். பல பட்டாலியன்கள் ஆள் தீர்ந்து தோற்கவில்லை, மனம் விட்டுத் தோற்றன. சுடப்பட்டதும் பகடை உருட்டி, நிற்கிறதா, தயங்குகிறதா, ஓடுகிறதா என்று பார்ப்பது அதனால்தான். திறமைசாலி என்ன செய்வார்? பகடை கெட்டாலும் பாதகமில்லாத இடத்தில் படையை நிறுத்தியிருப்பார்.

குதிரைப்படை வந்தா காலாட்படை சதுரம் போட்டுட்டா போச்சு. அப்புறம் குதிரைப்படையால என்ன பிரயோஜனம்?

சதுரம் போட நேரம் கிடைத்தால், ஆம். நாலு பக்கமும் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) நீட்டி அசையாமல் நிற்கும் சதுரத்தின் மேல் குதிரை ஏறாது. ஆனால் சதுரமாக நின்றால் நகர முடியாது, நாலில் ஒரு பக்கம்தான் எதிரியைச் சுடும், பீரங்கிக்கு அது கொழுத்த குறி. ஆகவே குதிரைப்படை மோதவே வேண்டாம். பக்கத்தில் வந்து நின்றாலே எதிரி சதுரத்தில் அடைபடுவான். மிச்சத்தைப் பீரங்கி பார்த்துக்கொள்ளும். குதிரை, பீரங்கி, காலாள் மூன்றையும் சேர்த்து ஓட்டத் தெரிந்தவர்தான் இந்த ஆட்டத்தில் தேறுவார். நெய் இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில் குதிரைப்படையைப் போதிய துணையில்லாமல் சதுரங்களின் மேல் திரும்பத் திரும்ப ஏவி வீணடித்தார்.

நேரம் கிடைக்காவிட்டால்? காத்ர் ப்ராவில் மூன்று விதமும் நடந்தன. 42ஆம் ரெஜிமென்ட்டின் ஸ்காட்லாந்துக்காரர்கள் உயர்ந்த ரை பயிருக்குள் நின்றார்கள்; ஈட்டிக் குதிரைவீரர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்று தெரியும்போது சதுரம் பாதிதான் மூடியிருந்தது. எதிரிகள் சிலரை உள்ளே வைத்தே சதுரத்தை மூடி, உள்ளே வந்தவர்களைக் கொன்றார்கள். பக்கத்தில் 44ஆம் ரெஜிமென்ட்டுக்குச் சதுரம் போட நேரமே இல்லை. கிடைவரிசையில் நின்றபடியே பின்வரிசை மட்டும் திரும்பிச் சுட்டுக் குதிரையை விரட்டியது. 69ஆம் ரெஜிமென்ட் மாலையில் மார்க்கவசக் குதிரைப்படையிடம் சதுரமில்லாமல் மாட்டிக்கொண்டு சிதறி, அரசரின் கொடியையே இழந்தது. உங்கள் விதிப்புத்தகத்தில் இந்த மூன்று முடிவுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 'சதுரம் போட்டால் தப்பினாய், இல்லாவிட்டால் செத்தாய்' என்று மட்டும் இருந்தால் வேறு புத்தகம் தேடுங்கள்.

எதிராளி படை மேசை மேலேயே நிக்குது. தெரியாத மாதிரி எப்படி நடிக்கிறது?

நடிக்க முடியாது. கண்ணால் பார்த்ததை மூளை மறக்காது. அதனால் பார்க்காதபடி செய்யுங்கள். பயிருக்குள்ளும் காட்டுக்குள்ளும் மேட்டுக்குப் பின்னாலும் பொம்மை வைக்காதீர்கள். எண் எழுதிய அட்டைகளை வையுங்கள். சில அட்டைக்குக் கீழே பட்டாலியன், சிலவற்றுக்குக் கீழே வெறுமை. எதிரி குறிப்பிட்ட தூரம் நெருங்கிய பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும்.

இது வெறும் விளையாட்டுத் தந்திரம் இல்லை. நெய்யின் கீழ் இருந்த ரெய் என்ற தளபதி ஸ்பெயினில் வெல்லிங்டன் படையோடு மோதிப் பழகியவர். மறைவில் பெரும்படை இருக்கலாம் என்று அவர் எச்சரித்தார், தாக்குதலும் தாமதமானது. உண்மையில் அப்போது காட்டிலும் பயிரிலும் இருந்தது மேலே சொன்ன சிறு படைதான். பிரெஞ்சுப் பக்கம் ஆடுகிறவருக்கு அந்தச் சந்தேகம் வர வேண்டும். வெற்று அட்டை ஆறு வைத்தால் வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு நண்பர் வெற்று அட்டைகளைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் பீரங்கியால் சுட்டுக்கொண்டிருந்தார்.

டெர்லோன் படையை மேசையில் எப்போ இறக்கணும்? அவர்தான் சண்டைக்கே வரலையே?

இதுதான் இந்தப் போரின் கடினமான முடிச்சு. டெர்லோன் இன்னொரு பிரெஞ்சுத் தளபதி; அவருடைய சுமார் 20,000 பேர் நெய்க்கு உதவியாக வந்துகொண்டிருந்தார்கள். அதே நேரம் சில கிலோமீட்டர் தள்ளி லின்யியில் நெப்போலியன் பிரஷ்யர்களோடு மோதிக்கொண்டிருந்தார். வழியில் வந்த உத்தரவால் டெர்லோன் படை லின்யி பக்கம் திரும்பியது. அங்கே கண்ணுக்கெட்டும் தூரம் போன பிறகு நெய் அனுப்பிய உத்தரவால் மறுபடி இங்கே திரும்பியது. இரண்டு சண்டைக்கும் நடுவே நடந்தே பொழுதைக் கழித்தது.

வரமாட்டார் என்று தெரிந்தால் பிரெஞ்சு ஆட்டக்காரர் முதலிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிடுவார். வருவார் என்று தெரிந்தால் சும்மா காத்திருப்பார். இரண்டும் நெய்யின் நிலைமை இல்லை. நாங்கள் அரை மணிக்கு ஒரு சுற்று என்று வைத்துப் பிற்பகல் இரண்டிலிருந்து ஒன்பதுவரை 14 சுற்று ஆடுகிறோம். ஆறாம் சுற்றிலிருந்து நடுவர் மறைவில் இரண்டு பகடை உருட்டுவார். கூட்டுத்தொகை 11 அல்லது 12 விழுந்தால் முதல் டிவிஷன் மூன்று சுற்று கழித்துத் தெற்குச் சாலையில் தோன்றும். எது விழுந்தாலும் நடுவர் முகம் மாறாமல் 'தூதர் வரவில்லை' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுக்காரங்க ஜெயிச்சுட்டா வரலாறு தப்பாயிடாதா?

அன்று காத்ர் ப்ராவில் யார் ஜெயித்தார்கள் என்பதே ஒற்றை வரியில் சொல்லக் கூடியது இல்லை. இரவில் சந்திப்பு வெல்லிங்டன் கையில் இருந்தது. ஆனால் அவரால் லின்யியில் பிரஷ்யர்களுக்கு உதவ முடியவில்லை; பிரஷ்யர்கள் தோற்றார்கள். ஆகவே நாங்கள் இரண்டு கணக்கு வைக்கிறோம்: நாற்சந்தி யார் கையில், எவ்வளவு நேரத்துக்கு நேசப்படை கிழக்கே யாரையும் அனுப்ப முடியாமல் இருந்தது. இப்படி வைத்தால் சந்திப்பைப் பிடிக்காத பிரெஞ்சு ஆட்டக்காரரும் சிரித்தபடி வீட்டுக்குப் போக முடியும்.

பொம்மை நிற்கும் இடத்துக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வாட்டர்லூ களத்தில் இருக்கும் லா ஹே சாந்த் பண்ணையில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்து, வாட்டர்லூவின் பெரிய மாதிரி ஒன்றைச் செய்து 1838ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அதில் பிரஷ்யர்கள் இத்தனை பேர், இத்தனை முன்னால் நிற்பது வெல்லிங்டனுக்குப் பிடிக்கவில்லை. பின்னர் சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். அந்த மாதிரி இன்றும் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செத்தவங்க நிஜ மனுஷங்க. இதைப் போய் விளையாடலாமான்னு அம்மா கேட்கிறாங்க.

நியாயமான கேள்வி. அன்று ஒவ்வொரு பக்கத்திலும் நாலாயிரத்துக்கு மேல் இறந்தும் காயமடைந்தும் விழுந்தார்கள். நான் செய்வது ஒன்றுதான்: விழுந்த பட்டாலியனை மேசையிலிருந்து எடுத்து டப்பாவில் போடும்போது அதன் பெயரைச் சொல்லி எடுப்போம். எண் மட்டும் சொல்லி எடுப்பதில்லை. அம்மாவுக்கு அது போதாமல் இருக்கலாம். அதில் அவர்களோடு வாதிட மாட்டேன்.

நடுவரா உட்கார ஆள் இல்லை. நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஆட முடியுமா?

முடியும். நானும் பாதி நாள் தனியாகத்தான். நேசப்படையை நீங்கள் ஓட்டுங்கள், பிரெஞ்சுக்காரர்களைச் சீட்டு ஓட்டட்டும். ஒவ்வொரு பிரெஞ்சு பிரிகேடுக்கும் சுற்றுக்கு ஒரு சீட்டு: முன்னேறு, நின்று சுடு, தயங்கு, பக்கவாட்டில் போ. மறைந்த அட்டைகளை நீங்களே கலைத்துப் போட்டு, எதன் கீழ் என்ன என்று பார்க்காமல் வையுங்கள். உங்கள் படை எங்கே என்று உங்களுக்கே தெரியாமல் தொடங்குவது சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

டெர்லோனுக்கு மேலே சொன்ன பகடையைத் தனியாக உருட்டினால் விடை உடனே தெரிந்துபோகும். அதற்குப் பதில் 14 சீட்டில் ஒன்றில் மட்டும் 'வந்தார்' என்று எழுதி, கலைத்து, எட்டை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். ஆறாம் சுற்றிலிருந்து கடைசிவரை ஒன்பது சுற்று. எட்டாம் சுற்றுக்கு மட்டும் சீட்டு கிடையாது, தூதர் வழி தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சச் சுற்றுக்கு ஒரு சீட்டு உருவுங்கள். உறையில் போடாமல் எடுத்து வைத்த மிச்ச ஆறு சீட்டை ஆட்டம் முடியும்வரை தொடாதீர்கள். போன மாதம் நான் தொடவில்லை. எட்டுச் சீட்டும் வெறுமை. ஒன்பது மணிக்கு மேசையைத் துடைக்கும்போது அந்த ஆறையும் பிரித்தேன்; 'வந்தார்' மேலேயே இருந்தது.